ரத்தத்தில் கலந்தால் போதாது, ஒட்டவும் வேண்டும்: கல்லீரல் புற்றும் ஒரு நொதியும்

கல்லீரலில் புற்று என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ரத்தத்துல கலந்துடுச்சா?" கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்லும் ஸ்டான்லியின் வரிசையிலும் இதைக் கேட்கலாம், கல்மண்டபம் டீக்கடையிலும் கேட்கலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடமும் அதே கேள்விதான் வரும். "அண்ணே, டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு, நீங்களாவது சொல்லுங்க." நோயாளியின் நிலையை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லவும் கூடாது. ஆனால் கேள்விக்குள் இருக்கும் பயத்தைப் பற்றிப் பேசலாம். ரத்தத்தில் கலந்துவிட்டால் உடம்பெல்லாம் பரவிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. கட்டியிலிருந்து பிய்ந்து ரத்தத்துக்குள் இறங்குவது ஒரு கட்டம். அங்கிருந்து ஏதாவது ஒரு ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டி, சுவரைத் தாண்டி வெளியேறி, புது இடத்தில் வேர்விடுவது வேறொரு கட்டம். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலான புற்றுச் செல்கள் செத்துப்போகின்றன. அமெரிக்காவில் ஐசையா ஃபிட்லர் 1970-ல் இதை எண்ணியே பார்த்தார். கதிரியக்க அடையாளம் இட்ட தோல் புற்றுச் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் நூற்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கட்டியாக வளர்ந்தவை ஆயிரத்தில் ஒன்று என்ற அளவைக்கூட எட்டவில்லை. ரத்த ஓட்டத்தின் வேகம் செல்லைக் கிழிக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் பிடித்து அழிக்கின்றன, இன்னும் சில ஒட்ட இடம் கிடைக்காமலே மடிகின்றன. ஆக, பரவல் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும் இடங்களில் முக்கியமானது, செல்லால் ஒட்ட முடிகிறதா என்பது.

ரத்தக்குழாயின் உட்புறம் எதையும் ஒட்டவிடாத வழவழப்பான ஒற்றைச் செல் படலம். அப்படித்தான் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ரத்தம் ஓடாது. அந்தப் படலம் வேண்டியபோது ஒட்ட விடுவது முக்கியமாக ரத்தத்தின் வெள்ளணுக்களைத்தான். மீன் நறுக்கும்போது விரலில் முள் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி உள்ளே போகிறது. அந்த இடத்துத் திசு சில ரசாயனங்களை வெளியிடுகிறது. அதைக் கண்டதும் பக்கத்துச் சிறு ரத்தக்குழாயின் உட்படலம், சில மணி நேரத்துக்குள், ஈ-செலக்டின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் நீட்டுகிறது. பாய்ந்து போகும் வெள்ளணு அதில் மாட்டி, விடுபட்டு, மறுபடி மாட்டி, சுவரோரமாக உருள ஆரம்பிக்கிறது. வேகம் குறைந்த பிறகு இன்டெக்ரின் என்ற இன்னொரு வகைப் புரதங்கள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. அப்புறம் வெள்ளணு இரண்டு செல்களின் இடுக்கு வழியாக நெளிந்து வெளியே போய்க் கிருமியைத் தாக்குகிறது.

காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு கரையணைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை சட்டென்று புரியும். ஓடிவரும் படகை யாரும் ஒரே இழுப்பில் கட்டிவிட மாட்டார்கள். முதலில் ஒரு கயிறு வீசி, அதைத் தளர்த்தியும் இழுத்தும் வேகத்தைக் குறைத்து, பிறகுதான் தடித்த கயிறால் இறுக்கிக் கட்டுவார்கள். செலக்டின் செய்வது அந்த முதல் கயிற்றின் வேலை. அது பலவீனமான பிடிதான். ஆனால் அது விழாவிட்டால் அடுத்தது விழாது.

சரி, வெள்ளணுவின் உடம்பில் எதை அந்தச் செலக்டின் பிடிக்கிறது? இதற்கான விடை 1990-ல் ஒரே நேரத்தில் பல ஆய்வுக் குழுக்களிடமிருந்து வந்தது. வெள்ளணுவின் மேற்பரப்புப் புரதங்களிலும் கொழுப்புகளிலும் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் நான்கு சர்க்கரைகள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் இணைந்திருக்கின்றன: சியாலிக் அமிலம், கேலக்டோஸ், என்-அசிட்டைல் குளுக்கோசமீன், பக்கவாட்டில் ஒரு ஃபியூகோஸ். இந்த நான்கும் சேர்ந்ததுதான் சியாலைல் லூயிஸ் எக்ஸ். நாம் டீயில் போடும் சர்க்கரையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இனிப்பைக் குறைத்தால் இது குறையாது. உடம்பே செல்லுக்குள் தயாரித்துக்கொள்ளும் பொருள் இது.

இந்தச் சங்கிலியை ஒரேயடியாக யாரும் வார்ப்பதில்லை. செல்லுக்குள் கால்ஜி என்ற பகுதியில் ஒவ்வொரு சர்க்கரையையும் ஒட்டுவதற்குத் தனித்தனி நொதி இருக்கிறது. சியாலிக் அமிலம் சேர்ந்து முடிந்த பிறகு கடைசியாக வந்து ஃபியூகோஸை இணைக்கும் நொதியின் பெயர் ஃபியூகோசில் டிரான்ஸ்ஃபரேஸ் 7. ஜீன்களின் பட்டியலில் எஃப்.யூ.டி.7. அந்தக் கடைசி ஒட்டு விழாவிட்டால் மற்ற மூன்று சர்க்கரைகள் இருந்தும் செலக்டினுக்குப் பிடி கிடைப்பதில்லை. இந்த ஜீனை நீக்கிய எலிகளை 1996-ல் அறிவித்தார்கள். அவற்றின் வெள்ளணுக்கள் ரத்தத்தில் ஏராளமாகத் திரிந்தன. தேவையான இடத்தில் சுவரைப் பிடித்து உருள மட்டும் முடியவில்லை.

நொதி என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. தான். "லிவர் என்சைம் ஏறியிருக்கு" என்பார்களே, அது. அவை கல்லீரல் செல் அடிபடும்போது உள்ளேயிருந்து கசிந்து ரத்தத்தில் தெரிபவை, சேதத்தின் அளவுகோல். இங்கே பேசும் நொதி வேறு. அது செல்லுக்குள் உட்கார்ந்து செல்லின் வெளித்தோற்றத்தை மாற்றுவது. வழக்கமான லிவர் டெஸ்டில் அது வராது.

ஃபியூகோஸை ஒட்டும் நொதிகளின் குடும்பம் பெரியது. நம் எல்லோருக்கும் தெரிந்த ரத்த வகைகூட இந்தக் குடும்பத்தின் வேலைதான். ஓ வகைக்காரர்களின் சிவப்பணுவில் இருக்கும் எச் என்ற அடையாளம், ஃபியூகோஸ் சேர்வதால் உண்டாவது. அது உருவாகாதவர்களை 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டேயும் அவரது குழுவும் கண்டுபிடித்தார்கள். பாம்பே குரூப் என்று ரத்ததான முகாம்களில் தேடி அலைகிறோமே, அது இதுதான். இதைவிட அபூர்வமான ஒரு பிறவிக் குறைபாடும் உண்டு. ஃபியூகோஸைக் கால்ஜிக்குள் கொண்டுபோகும் கடத்திப் புரதமே கெட்டுப்போயிருக்கும். அந்தக் குழந்தைகளுக்குப் பாம்பே குரூப்பும் இருக்கும், ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகமாகவும் இருக்கும், ஆனாலும் ஓயாமல் தொற்று வரும், புண்ணில் சீழ் கட்டாது. வெள்ளணுவால் ரத்தக்குழாயில் ஒட்ட முடியாததுதான் காரணம். ஒரு சின்னச் சர்க்கரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் குழந்தைகளின் நோய் காட்டிவிட்டது. அது தவறான செல்லின் மேல் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் புற்றுநோய் ஆய்வாளர்களின் கேள்வி.

வெள்ளணுவுக்கு மட்டும் உரிய அந்த அடையாளத்தைப் புற்றுச் செல் போட்டுக்கொண்டால், ரத்தக்குழாய்ச் சுவர் அதையும் பிடித்து நிறுத்தும். சுவருக்கு ஆள் யாரென்று தெரியாது, சர்க்கரை மட்டும்தான் தெரியும். ஜப்பானின் நகோயாவில் ரெய்ஜி கன்னாகியின் குழு 1990-களில் பல வகைப் புற்றுச் செல்களில் இதைக் காட்டியது. குடல், கணையப் புற்றுகளில் இதன் நெருங்கிய உறவான சியாலைல் லூயிஸ் ஏ அதிகம். மார்பு, நுரையீரல் புற்றுகளில் லூயிஸ் எக்ஸ். கணையப் புற்றுக்காக எழுதித் தரும் சி.ஏ. 19-9 டெஸ்ட் அளப்பது அந்த லூயிஸ் ஏ சர்க்கரையைத்தான். அதைச் செய்யும் நொதி பிறவியிலேயே இல்லாதவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் இந்த எண் ஏறாது. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதி அடையவோ நடுங்கவோ கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லீரல் புற்றில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் இருந்த குழுவினர், 2000-களின் தொடக்கத்தில். அந்த மாதிரிச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது.

முதலில் ரத்தக்குழாய் வேண்டும். உயிருள்ள மனிதரின் குழாயை அறுத்தெடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் ஒரு நல்ல ரத்தக்குழாய் வெளியே வருகிறது: தொப்புள்கொடி. அதன் சிரைக்குள் ஒரு நொதிக் கரைசலை விட்டு உட்படலச் செல்களைப் பிரித்தெடுக்கும் முறை 1973-லிருந்து உலகமெங்கும் நிலைத்துவிட்டது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரியில் தினமும் வெட்டி அப்புறப்படுத்தும் அதே கொடிதான். தாயின் சம்மதத்தோடு ஆய்வுக்கூடம் போனால் அது விலைமதிப்பில்லாத பொருள். அந்தச் செல்களைக் குழித்தட்டில் ஊட்டச்சத்து நீர் ஊற்றி வளர்த்தால், அடுக்கடுக்காக இல்லாமல், தரையில் கல் பாவியதுபோல ஒரே படலமாகத் தட்டின் அடியைப் போர்த்துகின்றன. பிறகு அழற்சியின்போது உடம்பில் சுரக்கும் டி.என்.எஃப். போன்ற ஒரு பொருளைச் சேர்த்து நான்கைந்து மணி நேரம் வைத்தால் படலம் ஈ-செலக்டினை நீட்டும். அதன்மேல் ஒளிரும் சாயம் ஏற்றிய புற்றுச் செல்களைக் கொட்டி, அரை மணி ஒரு மணி விட்டு, மெதுவாகக் கழுவுவார்கள். ஒட்டாதவை நீரோடு போய்விடும். மிச்சமிருப்பதை எண்ண வேண்டியதுதான். கழுவும் கை பலமாக இருந்தால் எண்ணிக்கை குறையும், மெத்தனமாக இருந்தால் கூடும். சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி வேலையில் கையின் ஒழுங்குதான் பாதி முடிவு. அதனால்தான் இப்போது பலர் மெல்லிய அறைக்குள் அளந்த வேகத்தில் திரவத்தை ஓடவிட்டு, செல் உருள்வதைப் படம்பிடித்து எண்ணுகிறார்கள்.

ஃபூடான் குழு புற்றுச் செல்களுக்குள் எஃப்.யூ.டி.7 ஜீனைக் கூடுதலாகச் செலுத்தியது. செல்லின் மேல் சியாலைல் லூயிஸ் எக்ஸ் கூடியது. தொப்புள்கொடிப் படலத்தில் ஒட்டும் செல்களும் கூடின. சவ்வைத் துளைத்து நகரும் திறனும் ஏறியது. அந்தச் சர்க்கரையை மூடிவிடும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) சேர்த்தபோது ஒட்டுவது குறைந்தது. கடைசிச் சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜீனை ஏற்றியதும் செல்லில் ஆயிரம் விஷயம் மாறியிருக்கலாம். ஆனால் அந்தச் சர்க்கரையை மட்டும் மறைத்தால் ஒட்டல் இறங்குகிறது என்றால், காரணத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப். என்ற பொருள் அந்தச் சர்க்கரையைக் கூட்டியது, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினோயிக் அமிலம் குறைத்தது என்றும் அவர்கள் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிவிட வேண்டாம். அளவு மீறினால் அது கல்லீரலையே கெடுக்கும்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சீனாவில் கல்லீரல் புற்று ஆய்வுகளில் பல ஆண்டுகள் புழங்கிய 7721 என்ற செல் வரிசையைத்தான் அவர்களும் பயன்படுத்தினார்கள். பின்னாளில் மரபணுக் கைரேகை எடுத்துப் பார்த்தபோது எஸ்.எம்.எம்.சி.-7721 என்ற அந்த வரிசை கல்லீரல் செல்லே இல்லை என்று தெரிந்தது. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த ஹீலா செல்கள் அவை. ஹீலா அவ்வளவு வேகமாக வளரும். ஒரு துளி தப்பிப் பக்கத்துக் குப்பியில் விழுந்தால் அங்கிருப்பதை மூடி வளர்ந்துவிடும். அடையாளம் தவறிய செல் வரிசைகளின் சர்வதேசப் பட்டியலில் இப்போது அந்தப் பெயர் இருக்கிறது.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. நொதி கூடினால் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் ஒட்டல் கூடும் என்பது மனிதப் புற்றுச் செல்லில் காட்டப்பட்ட உண்மை. குடல், மார்பு, நுரையீரல் புற்றுகளிலும் அதே பொறிமுறை தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. ஆட்டம் காண்பது "கல்லீரல் புற்றுச் செல் இப்படித்தான் செய்கிறது" என்ற குறிப்பிட்ட கூற்று. அதை நிஜமான கல்லீரல் புற்றுச் செல்களிலும், நோயாளிகளின் திசுக்களிலும் உறுதிசெய்த பிறகுதான் அதன்மேல் எதையும் கட்டலாம். மாதிரிக் குப்பியில் பெயர் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று தினமும் கவலைப்படும் வேலையில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எந்தச் செல்லில் பார்த்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் எந்தக் கண்டுபிடிப்புச் செய்தியையும் பகிரக் கூடாது.

கல்லீரலுக்குள் ரத்தம் ஓடும் விதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மற்ற பெரும்பாலான உறுப்புகளைப்போல இல்லாமல் கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. வளர்ந்த கல்லீரல் புற்றுக்கட்டி மட்டும் பெரும்பாலும் தமனி ரத்தத்தை நம்பியே வாழ்கிறது. மருந்து ஏற்றி மூன்று கட்டமாக சி.டி. எடுக்கச் சொல்வது இதனால்தான்: கட்டி முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு மற்ற கல்லீரலைவிட மங்கிவிடும். பல நேரம் ஊசி குத்தித் திசு எடுக்காமலே நோயை உறுதி செய்ய அதுவே போதும். தமனிக் கிளையை அடைத்துக் கட்டியைப் பட்டினி போடும் சிகிச்சையும் இதே அடிப்படைதான்.

ஆனால் பரவும்போது கட்டி அடிக்கடி நுழைவது போர்ட்டல் சிரையின் கிளைகளுக்குள். அங்கிருந்து கல்லீரலின் இன்னொரு மூலைக்கே போய் ஒட்டுகிறது. கட்டியை அறுத்தெடுத்த பிறகும் ஐந்தாண்டுக்குள் எழுபது சதவீதம் வரையிலானவர்களுக்கு மறுபடி வருகிறது என்பதற்கு இது ஒரு காரணம். மிச்சமிருக்கும் கெட்டுப்போன கல்லீரலில் புதிதாக இன்னொரு புற்று முளைப்பது மற்றொரு காரணம். கல்லீரலைத் தாண்டினால் முதலில் போவது பெரும்பாலும் நுரையீரலுக்கு. அங்கே இன்னொரு வாதமும் இருக்கிறது. புற்றுச் செல் பெரியது, நுண்குழாய் அதைவிடக் குறுகியது. ஒட்டவே வேண்டாம், சிக்கிக்கொண்டாலே போதும் என்பார்கள். சில இடங்களில் அதுவும் சரிதான். சிக்கிய செல் அங்கேயே நிலைத்துச் சுவரைத் தாண்டி வெளியேற வேண்டுமென்றால் பிடிப்பு வேண்டும் என்பதால், ஒரு விளக்கம் மற்றதைத் தள்ளிவிடுவதில்லை.

இந்த இடத்தில் அழற்சி உள்ளே வருகிறது. ஈ-செலக்டின் அமைதியான ரத்தக்குழாயில் அநேகமாக இருப்பதே இல்லை. வீக்கம் வந்தால்தான் முளைக்கிறது. குடல் புற்றுச் செல்கள் கல்லீரலுக்குள் வந்து இறங்கும்போது அங்குள்ள காவல் செல்கள் டி.என்.எஃப். சுரக்க, அதனாலேயே கல்லீரலின் நுண்குழாய்கள் செலக்டினை நீட்டி வந்தவற்றைப் பிடித்துக்கொள்கின்றன என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். பாதுகாக்க எழும் எதிர்வினையே வழிவிடுகிறது. வைரஸாலோ குடியாலோ கொழுப்பாலோ வருடக்கணக்காகக் கனன்று கொண்டிருக்கும் கல்லீரலில்தான் பெரும்பாலான கல்லீரல் புற்றுகள் பிறக்கின்றன என்பதை இதோடு சேர்த்து யோசித்தால் மனசு கனக்கிறது.

நொதி தெரிந்துவிட்டது, அதை அடைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், புற்றுச் செல் எடுத்துக்கொண்டது வெள்ளணுவின் சொந்தக் கருவியை. எஃப்.யூ.டி.7-ஐ உடம்பு முழுக்க நிறுத்தினால் வெள்ளணுவும் முடங்கும். ஃபியூகோஸ் சேர்வதையே தடுக்கும் ஃபுளோரோஃபியூகோஸ் வகை மருந்து ஒன்று முதற்கட்ட மனிதச் சோதனை வரை வந்து, சிலருக்குக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்ததால் நிறுத்தப்பட்டது. ஈ-செலக்டினையே மூடும் உப்ரோலெசெலான் என்ற மருந்து ரத்தப் புற்றில் மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போய், 2024-ல் எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் நின்றது. ஜப்பானில் பழைய வயிற்றுப்புண் மாத்திரையான சிமெடிடின், உட்படலத்தில் ஈ-செலக்டினைக் குறைக்கிறது என்று கண்டு, குடல் புற்று அறுவை செய்துகொண்ட 64 பேரிடம் சோதித்தார்கள். கீமோ மருந்தோடு அதையும் எடுத்தவர்களில் பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 84.6 சதவீதம், எடுக்காதவர்களில் 49.8 சதவீதம் என்று 2002-ல் வெளியானது. பலன் கிடைத்தது கட்டியில் லூயிஸ் சர்க்கரைகள் அதிகம் இருந்தவர்களுக்கு. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 64 பேர் மிகச் சின்ன எண்ணிக்கை, அதுவும் குடல் புற்று. கல்லீரல் புற்றுக்கு இதை மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவது தவறு; பல மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைச் சிமெடிடின் குறைத்துவிடும்.

மருந்தாக இன்னும் கைக்கு வராத இந்த அறிவு, பரிசோதனையாக ஏற்கெனவே வந்துவிட்டது. கல்லீரல் புற்றுக்கு எழுதித் தரும் ஏ.எஃப்.பி. டெஸ்ட் பலருக்கும் தெரியும். அது நம்பகமான ஒற்றைச் சாட்சி அல்ல. கர்ப்பத்திலும் ஏறும், மஞ்சள் காமாலை உண்டாக்கும் வைரஸ் தொற்றிலும் ஏறும். சிறிய கட்டி இருந்தும் ஏறாமல் இருக்கும். ஏ.எஃப்.பி. ஒரு புரதம், அதன்மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி. கல்லீரல் புற்றுச் செல்லில் எஃப்.யூ.டி.8 என்ற இன்னொரு ஃபியூகோஸ் நொதி முனைப்பாக வேலை செய்வதால், புற்றிலிருந்து வரும் ஏ.எஃப்.பி.யின் சங்கிலி அடியில் ஒரு ஃபியூகோஸ் சேர்ந்துவிடுகிறது. வெறும் வைரஸ் அழற்சியில் அது பெரும்பாலும் இருக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டப் பயன்பட்ட பொருள் என்ன தெரியுமா? மளிகைக் கடையில் கிடைக்கும் மைசூர்ப் பருப்பு. அந்தப் பருப்பில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் ஃபியூகோஸ் சேர்ந்த சங்கிலியைத்தான் இறுகப் பிடிக்கிறது. அப்படிப் பிடிபடும் பங்குக்கு எல்-3 என்று பெயர். மொத்த ஏ.எஃப்.பி.யில் அது பத்து சதவீதத்தைத் தாண்டினால் புற்றின் சந்தேகம் வலுக்கும். அமெரிக்காவில் 2005-ல் இந்த டெஸ்டுக்கு அனுமதி கிடைத்தது. நம் பக்கத்தில் எல்லா இடத்திலும் செய்வதில்லை. டாக்டர் கேட்டால் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்த எல்-3 ஃபியூகோஸும் ரத்தக்குழாயில் ஒட்டவைக்கும் ஃபியூகோஸும் வெவ்வேறு நொதிகளின் வேலை, சங்கிலியில் வெவ்வேறு இடம். எல்-3 கூடியிருந்தால் "பரவிவிட்டது" என்று பொருள் இல்லை. ரிப்போர்ட்டைக் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வருபவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்லீரல் நோய் என்றாலே மணலிப் புகை, எண்ணூர்ச் சாம்பல் என்று பேச்சு போகும். காற்றுக்காகப் போராட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கல்லீரல் புற்றுக்குப் பெரும் காரணங்களாக நிரூபணமானவை ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கல்லீரலில் சேரும் கொழுப்பு, பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் தானியத்திலும் இருக்கும் அஃப்ளடாக்சின். இதில் ஹெபடைடிஸ் பி-க்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து, நம் வீட்டுக் கீழாநெல்லியை வைரஸ் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்றது அது. பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு, கண் வெளுத்ததும் வைரஸும் போய்விட்டது என்று டெஸ்ட் எடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மஞ்சள் இறங்குவது வேறு, வைரஸ் போவது வேறு.

அந்த வைரஸின் கதையும் ஒட்டுவதில்தான் தொடங்குகிறது. அது முதலில் கல்லீரல் செல்லின் மேலிருக்கும் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் லேசாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு என்.டி.சி.பி. என்ற புரதத்தை இறுகப் பிடித்து உள்ளே போகிறது. அந்தப் புரதம் எது என்று 2012-ல்தான் பெய்ஜிங்கில் லி வென்ஹுயியின் குழு கண்டுபிடித்தது. தடுப்பூசியால் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புரதம் வைரஸின் மேற்பரப்பை மூடிவிடுவதால் அதற்கு ஒட்ட முடிவதில்லை. ரத்தக்குழாயில் புற்றுச் செல் ஒட்டுவதைத் தடுக்க உலகம் இன்னும் திணறிக்கொண்டிருக்கும்போது, கல்லீரல் செல்லில் வைரஸ் ஒட்டுவதைத் தடுப்பது அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் நாளிலேயே இலவசமாக நடக்கிறது. ஹெபடைடிஸ் பி-யையும் சேர்த்த ஐந்து நோய்த் தடுப்பூசி இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான்.

அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். இந்தியாவில் இந்த வைரஸோடு வாழ்கிறவர்கள் சுமார் 3 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-க்குக் கணித்தது. பிறக்கும்போதோ முதல் வயதுக்குள்ளோ தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்க நிலைக்கும். அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தால் அம்மா, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அந்த வைரஸ் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறோம். தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று ஊசி: இன்றைக்கு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இருப்பவர்களில் சிகிச்சை தேவைப்படுவோருக்கு, 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். கல்லீரல் சுருங்கியவர்களும், வைரஸ் சுமப்பவர்களில் டாக்டர் சொல்பவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் எடுக்க வேண்டும். கட்டி சின்னதாக, சிரைக்குள் நுழைவதற்கு முன் அகப்பட்டால் அறுத்தோ சுட்டோ நீக்கலாம், பொருத்தமானவர்களுக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சையும் உண்டு, ஸ்டான்லியிலேயே அது நடக்கிறது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டே வரலாம், எந்த நேரத்திலும் எடுக்கலாம்.